சட்டப்படி சரி, ஆனால் என் வரிப்பணத்தில் வேண்டாம்: ஹைட் திருத்தம் பற்றிப் பேசுவோமா?

நெடுவழி

வணக்கம். ரொம்ப நாளாக மனதை அரிக்கும் ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன். அமெரிக்காவில் கருக்கலைப்பு என்றாலே பேச்சு சட்டத்தைச் சுற்றித்தான் போகிறது. கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கிய 1973 ரோ வழக்கு, அந்த உரிமையை ரத்து செய்த 2022 ஜூன் டாப்ஸ் தீர்ப்பு, எந்த மாநிலத்தில் தடை, எங்கே அனுமதி. இதெல்லாம் முக்கியம்தான். ஆனால் அனுமதி இருந்த காலத்திலும், அனுமதி இருக்கிற இடத்திலும், செலவை யார் ஏற்பது என்ற கேள்வி தனியாக நின்றுகொண்டே இருந்திருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. மெடிக்கெய்ட் 1965இல் வந்த, ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு. பணத்தில் ஒரு பங்கு மத்திய அரசுடையது, மீதி மாநிலத்துடையது. 1976இல் இல்லினாய் மாநில எம்.பி. ஹென்றி ஹைட் கொண்டுவந்த திருத்தம், மத்திய அரசின் பணத்தைக் கருக்கலைப்புக்குச் செலவிடக் கூடாது என்றது. அது நிரந்தரச் சட்டம்கூட இல்லை. ஆண்டுதோறும் பட்ஜெட் மசோதாவில் சில வரிகளாக ஒட்டப்படுகிறது, ஐம்பது ஆண்டுகளாக ஒட்டப்பட்டு வருகிறது. இன்றைய விதிவிலக்குகள் மூன்று: தாயின் உயிருக்கு ஆபத்து, வன்புணர்வு, நெருங்கிய இரத்த உறவினரால் உண்டான கரு. மாநிலங்கள் விரும்பினால் சொந்தப் பணத்தில் தரலாம். ஏறத்தாழ 20 மாநிலங்கள் தருகின்றன.

எனக்குப் புரியாதது இனிமேல்தான் வருகிறது. 2018 நவம்பர் 6, ஒரே நாளில் இரண்டு மாநிலங்களில் வாக்கெடுப்பு. கருக்கலைப்புக்குப் பொதுப்பணம் தருவதைத் தடை செய்யலாமா என்று ஆரிகனில் கேட்டார்கள். 64 சதவீதத்துக்கும் மேல் அந்தத் தடை வேண்டாம் என்றார்கள். கருக்கலைப்புக்கான உரிமையோ, அதற்குப் பணம் தரும் கடமையோ தங்கள் அரசியல் சட்டத்தில் இல்லை என்று எழுதலாமா என்று மேற்கு வர்ஜீனியாவில் கேட்டார்கள். சுமார் 52 சதவீதம் பேர் ஆம் என்றார்கள்.

கொலராடோவைப் பாருங்கள். 1967இல் கருக்கலைப்புச் சட்டத்தை முதலில் தளர்த்திய மாநிலமே அதுதான். அதே மாநில மக்கள் 1984இல் அரசுப் பணம் கூடாது என்று மிகச் சிறிய வித்தியாசத்தில் வாக்களித்தார்கள். 40 ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், சுமார் 62 சதவீத வாக்குகளோடு அந்தத் தடையை நீக்கினார்கள்.

இதெல்லாம் மதத்தால் வருவது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் பியூ ஆய்வு மையத்தின் 2024 கணக்கில், கத்தோலிக்கர்களிலேயே 59 சதவீதம் பேர் எல்லாச் சூழலிலும் அல்லது பெரும்பாலான சூழலில் கருக்கலைப்பு சட்டப்படி இருக்கட்டும் என்கிறார்கள். கறுப்பினப் புராட்டஸ்டன்ட்டுகளில் 71. வெள்ளையின எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில்தான் 73 சதவீதம் பேர் எதிர்ப்பு. ஆக ‘மதநம்பிக்கை உள்ளவர்கள்’ என்று ஒரே கட்டாகக் கட்ட முடியாது. சட்டப்படி இருக்கட்டும், என் காசில் வேண்டாம் என்கிற மனநிலை எங்கிருந்து வருகிறது? இங்கே பலதரப்பட்டவர்கள் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

திருவிளக்கு

நெடுவழி அண்ணா, நான் கத்தோலிக்கன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஹைட் திருத்தம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன்.

கருவில் இருப்பது ஓர் உயிர் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கை ஞாயிறு திருப்பலியோடு முடிந்துவிடுவதில்லை. ஏப்ரலில் வரிப் படிவம் நிரப்பும்போதும் கூடவே வருகிறது. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு முடிவெடுத்தால் அது அவருக்கும் கடவுளுக்கும் இடையில். நான் போய்க் கதவைத் தட்டப்போவதில்லை. ஆனால் அந்தச் செலவில் என் பங்கும் இருக்கிறது என்றால், நானும் அதில் கை வைத்தவன் ஆகிறேன். ‘சட்டப்படி சரி, என் காசில் வேண்டாம்’ என்பதை நீங்கள் முரண்பாடாகப் பார்க்கிறீர்கள். எனக்கு அது, கருத்து வேறுபடுகிறவர்கள் ஒரே நாட்டில் சேர்ந்து வாழ்வதற்கான ஏற்பாடு.

எங்கள் தேவாலயப் பங்கில் ஆண்டுதோறும் ஜனவரியில் கோயில் வாசலில் பால்புட்டிகளை அடுக்கி வைப்பார்கள். குழந்தைகள் குடிக்கிற அதே பிளாஸ்டிக் புட்டிதான். ஆளுக்கொன்று வீட்டுக்கு எடுத்துப்போய், சில்லறை போட்டு நிரப்பி, சில வாரம் கழித்துத் திருப்பித் தர வேண்டும். கர்ப்பிணிகளுக்கு உதவும் மையத்துக்கு அந்தப் பணம் போகும். என் மகள் பத்து சென்ட் நாணயங்களாகப் பொறுக்கிப் போடுவாள், சின்னதாக இருப்பதால் நிறைய கொள்ளுமாம். எங்கள் பணம் எதற்குப் போக வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோமோ அதற்கு இப்படித் தருகிறோம். எதற்குப் போகக் கூடாது என்று நினைக்கிறோமோ, அதையும் கொஞ்சம் மதியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

குயவன்

திருவிளக்கு, உங்கள் மனசாட்சியை மதிக்கிறேன். ஆனால் போர் வேண்டாம் என்கிற குவேக்கர்கள் ராணுவத்துக்கும் சேர்த்துத்தானே வரி கட்டுகிறார்கள்? மரண தண்டனையை உங்கள் திருச்சபையே எதிர்க்கிறது. அதற்கு ஆகும் செலவில் என் பங்கு வேண்டாம் என்று ஒரு திருத்தம் உண்டா?

1982இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஆமிஷ் சமூகத்தைச் சேர்ந்த ஒரு முதலாளி, சமூகப் பாதுகாப்பு வரி கட்டுவது தன் மதத்துக்கு விரோதம் என்றார். அவர் நம்பிக்கை உண்மையானது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் வரி கட்டத்தான் வேண்டும் என்றது. ஒவ்வொரு சமயமும் தனக்குப் பிடிக்காத செலவைக் காட்டி விலக்குக் கேட்டால் வரி அமைப்பே நடக்காது என்பது காரணம். ஆக எல்லாருக்கும் ஒரு விதி, இந்த ஒரு மருத்துவச் செலவுக்கு மட்டும் வேறு விதி.

திருவிளக்கு

குயவன், நியாயமான கேள்வி. வரி கட்ட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. பணத்தை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிக்கிற இடம் காங்கிரஸ் என்கிற அமெரிக்க நாடாளுமன்றம். அங்கே வாக்களித்து இந்தத் திருத்தத்தை வைத்திருக்கிறார்கள். போருக்கு எதிரானவர்களும் அதே வழியில் முயலலாம், முயல்கிறார்கள். மரண தண்டனைக்குத் தரும் பணத்தையும் நிறுத்தினால் நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன். சிகாகோவின் கர்தினால் பெர்னார்டின் 1983இலேயே இதைத்தான் சொன்னார்: கரு, போர், மரண தண்டனை, வறுமை எல்லாம் தையலில்லாத ஒரே ஆடை. அதில் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை விட்டவர்கள் எங்களில் நிறைய பேர் இருக்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன்.

கார்முகில்

திருவிளக்கு தம்பி, உங்கள் முதல் பதிவை இரண்டு முறை படித்தேன். உங்கள் மகள் நாணயம் பொறுக்குவது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பதிலுக்கு நான் பார்த்ததையும் சொல்கிறேன்.

இல்லினாயில் இருக்கிறேன். கருக்கலைப்புக்குப் பணமில்லாத பெண்களுக்கு உதவும் ஒரு சிறு அமைப்பில், வியாழன் மாலைகளில் தொலைபேசி எடுக்கிறேன். பேர், ஊர் அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

டென்னசியிலிருந்து ஒரு பெண் அழைத்தார். இரண்டு குழந்தைகள், உணவகத்தில் வேலை. அங்கே தடை இருப்பதால் இங்கே வர வேண்டும். பின்னணியில் மைக்ரோவேவ் பீப் அடிக்கிறது, ஒரு குழந்தை ஏதோ கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவர் கேட்ட முதல் கேள்வி: “என்னிடம் மெடிக்கெய்ட் அட்டை இருக்கிறதே, அது செல்லாதா?” செல்லாது என்றேன். “பிரசவத்துக்கு இதே அட்டைதானே எல்லாம் கொடுத்தது?” என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

கிளினிக் சொன்ன தொகை 650 டாலர். அவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்க வேண்டும். எனக்கு இந்த வேலையிலேயே கஷ்டமான இடம் அதுதான். அவர் போனைக் கீழே வைத்துவிட்டு எண்ணினார். நோட்டுகளை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. 190. அதில் வாடகைக் காசும் சேர்த்தி. கிளினிக் 100 குறைத்தது. நாங்கள் 200க்கு உறுதி கொடுத்தோம். இன்னோர் அமைப்பைக் கூப்பிட்டு மீதி 160ஐ வாங்கினோம். இதற்கு நான்கு நாள் ஆனது. காசு தேடுகிற ஒவ்வொரு வாரமும் கரு வளர்கிறது. மூன்றாவது மாதம் தாண்டினால் கட்டணம் ஆயிரத்தையும் தாண்டலாம், அதற்கு மறுபடி காசு தேட வேண்டும். முதல் வாரத்திலேயே செய்துகொள்ள நினைத்தவர் மூன்று மாதம் தாண்டி வருவதற்குப் பல சமயம் காரணம் இதுதான், தயக்கம் இல்லை.

அப்புறம் மெம்பிசிலிருந்து இரவு ரயில். இல்லினாயின் கார்பண்டேலில் விடிவதற்கு முன்னாலேயே இறக்கிவிட்டுவிடும். கிளினிக் திறக்கும் வரை எங்கே உட்கார்வது என்று கேட்டார்.

உங்கள் காசு இதற்குப் போகக் கூடாது என்கிறீர்கள், புரிகிறது. அந்த விலகலின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். அலுவலகக் காப்பீடு உள்ள பெண்ணை ஹைட் திருத்தம் தொடுவதே இல்லை.

பழைய ஏடு

வரலாற்றைக் கொஞ்சம் சேர்க்கிறேன். கார்முகில் அம்மா கடைசியில் சொன்னதை ஹைட்டே மறைக்கவில்லை. 1977இல் சபையில் அவர் பேசியதன் சாரம் இது: சட்டப்படி முடியுமானால் பணக்காரப் பெண், நடுத்தர வர்க்கப் பெண், ஏழைப் பெண் யாரும் கருக்கலைப்பு செய்யாதபடி தடுப்பேன், ஆனால் கைக்குக் கிடைத்தது இந்த மெடிக்கெய்ட் மசோதா ஒன்றுதான். அதாவது, எல்லாரையும் தடுக்க முடியாததால் ஏழைகளைத் தடுத்தார்கள். அவர் உள்ளத்தில் இருந்ததைச் சொன்னார் என்பதற்காக அவரை மதிக்கலாம். ஆனால் ‘வரி செலுத்துகிறவரின் மனசாட்சி’ என்ற வாதம் பின்னால் முன்னுக்கு வந்தது. தொடக்கத்தில் நோக்கம் தடுப்பதுதான்.

அதே 1977 ஜூலையில் அதிபர் ஜிம்மி கார்ட்டரிடம் நிருபர்கள் கேட்டார்கள், பணமுள்ளவர் செய்துகொள்ளலாம், இல்லாதவர் முடியாது என்பது நியாயமா என்று. வாழ்க்கையில் நியாயமில்லாதவை பல உண்டு, செல்வந்தர்களால் முடிவது ஏழைகளால் முடிவதில்லை என்றார். அவர் ஜனநாயகக் கட்சி, தெற்கத்திய பாப்டிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவர். அந்த அக்டோபரில் டெக்சாசின் மெக்கலனில் 27 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர், ஒரு குழந்தையின் தாய், மலிவாக முறையற்ற இடத்தில் செய்துகொண்டு தொற்று வந்து இறந்தார். அவரிடம் மெடிக்கெய்ட் அட்டை இருந்தது.

இது குடியரசுக் கட்சிக்கும் ஜனநாயகக் கட்சிக்கும் நடந்த சண்டை என்று இன்று நினைக்கிறோம். அன்று அப்படி இல்லை. 1976இல் ஜனநாயகக் கட்சியினர் ஏராளமானோர் ஆதரித்தார்கள். எதிர்த்து முன்னால் நின்றவர்களில் ஒருவர் மாசசூசெட்ஸின் எட்வர்ட் புரூக், குடியரசுக் கட்சியின் கறுப்பின செனட்டர். ஜோ பைடன் பல பத்தாண்டுகள் ஹைட்டை ஆதரித்து, 2019 ஜூனில்தான், வேட்பாளரான பிறகு, மாறினார். ஜனநாயகக் கட்சியின் தேர்தல் அறிக்கையில் ஹைட்டை நீக்குவோம் என்பது முதலில் வந்ததே 2016இல். மறுபக்கம், 2017 செப்டம்பரில் இல்லினாயில் மெடிக்கெய்ட் வழியாகப் பணம் தரும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் புரூஸ் ரவுனர்.

மதங்களும் இப்படித்தான். 1967இல் நியூயார்க்கில் 21 போதகர்களும் யூத ரபிகளும் சேர்ந்து, பாதுகாப்பான மருத்துவரிடம் பெண்களை அனுப்பும் ஆலோசனை அமைப்பைப் பகிரங்கமாகத் தொடங்கினார்கள். அப்போது அது சட்ட விரோதம். 1971இல் தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடு செயின்ட் லூயியில் கூடி, வன்புணர்வு, கருவின் கடும் குறைபாடு, தாயின் உடல் மன நலத்துக்குக் கேடு ஆகிய சூழல்களில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்துக்குப் பாடுபடத் தன் உறுப்பினர்களை அழைத்தது. அதே மாநாடு 1980இல் எதிர்த் திசைக்குப் போய்விட்டது. ஒன்பது ஆண்டுகளில் பைபிள் மாறவில்லை. அரசியல் கூட்டணிகள் மாறின.

இன்னொன்று. ஹைட் திருத்தத்துக்கு எதிரான வழக்கில் வாதிகளில் ஒரு தரப்பு ஐக்கிய மெத்தடிஸ்ட் சபையின் மகளிர் பிரிவு. சபைப் பெண்களே வழக்குக்குப் போனார்கள். இந்தத் திருத்தம் ஒரு குறிப்பிட்ட மதக் கோட்பாட்டை அரசுச் சட்டமாக்குகிறது என்று வாதம் வைக்கப்பட்டது. 1980 ஜூன் 30இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அதை நிராகரித்தது. ஒரு சட்டம் ஒரு மதத்தின் கொள்கையோடு ஒத்துப்போவதாலேயே அது மதத் திணிப்பு ஆகிவிடாது என்றது. அரசு குறுக்கே தடை வைக்கக் கூடாது, ஆனால் தான் உண்டாக்காத தடையை நீக்க வேண்டிய கடமை அதற்கு இல்லை, வறுமை அரசு உண்டாக்கியது இல்லை என்பது தீர்ப்பின் மையம். எதிர்த்து எழுதிய நால்வரில் ஒருவர் வில்லியம் பிரென்னன். அந்த ஒன்பது பேரில் கத்தோலிக்கர் அவர் ஒருவர்தான்.

நெடுவழி

பழைய ஏடு ஐயா, நன்றி. பிரென்னன் விஷயம் எனக்குத் தெரியாது.

‘தான் உண்டாக்காத தடை’ என்ற அந்த வாதத்தில்தான் எனக்கு இடிக்கிறது. அமெரிக்காவில் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் நான்கின் பிரசவச் செலவை மெடிக்கெய்ட் ஏற்கிறது. அரசு சும்மா ஒதுங்கி நிற்கவில்லை. ஒரு கையால் பிரசவத்துக்குப் பணம் தந்து, இன்னொரு கையை மடக்கிக்கொள்கிறது. பணமில்லாத பெண்ணுக்கு அது ஒரு பக்கம் தள்ளுவதுதான். பணம் கிடைத்திருந்தால் கருக்கலைப்பு செய்திருக்கக்கூடிய மெடிக்கெய்ட் பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பிள்ளை பெறும்படி ஆகிறது என்று கட்மேக்கர் நிறுவனத்தின் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அப்படியானால் இது மனசாட்சி விலக்கு மட்டும் இல்லை, விளைவு உள்ள கொள்கை.

கருத்துக்கணிப்புகளையும் கொஞ்சம் பார்த்தேன். ‘வரி செலுத்துவோர் பணத்தில் கருக்கலைப்பு’ என்று கேட்டால் எதிர்ப்பு கூடுகிறது. ‘மெடிக்கெய்ட் மற்ற கர்ப்பகாலச் சிகிச்சையைப் போல இதையும் ஏற்கலாமா’ என்று கேட்டால் ஆதரவு கூடுகிறது. அதே மனிதர்கள்தான். முதல் கேள்வியில் அவர்கள் கண்முன் நிற்பது தங்கள் பர்ஸ். இரண்டாவதில் ஒரு நோயாளி.

பாலைநிலா

இதுவரை பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. கருக்கலைப்பு பெண்ணின் உரிமை, யாரும் தலையிடக் கூடாது. ஆனாலும் மத்திய அரசுப் பணம் வருவதில் எனக்குத் தயக்கம் உண்டு. கார்முகில் அக்கா கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

பணம் தருகிறவர் நிபந்தனையும் போடுவார். காங்கிரஸ் கையில் எந்தப் பணம் இருந்தாலும், தேர்தலுக்குத் தேர்தல் அது கயிறாகிவிடும். 2025 ஜூலை 4இல் கையெழுத்தான சட்டத்தைப் பாருங்கள். கருக்கலைப்புக்கு ஏற்கெனவே மத்தியப் பணம் கிடையாது. அப்படியிருந்தும் கருக்கலைப்பும் செய்கிற பிளான்ட் பேரன்ட்ஹுட் என்ற கிளினிக் அமைப்பின் புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் கருத்தடைச் சேவைக்கும் மெடிக்கெய்ட் பணம் போகக் கூடாது என்று ஓராண்டுத் தடை போட்டார்கள். வெளிநாட்டு உதவியிலும் இதே கதை. கருக்கலைப்புக்கு உதவும் வெளிநாட்டு அமைப்புகளுக்கு அமெரிக்கப் பணம் கூடாது என்று 1984இல் ரீகன் ஆட்சி கொண்டுவந்த விதியைக் குடியரசுக் கட்சி அதிபர் வந்தால் போடுவது, ஜனநாயகக் கட்சி அதிபர் வந்தால் எடுப்பது என்று 40 ஆண்டாக ஊஞ்சல் ஆடுகிறது. பாதி வழியில் திட்டம் நின்று போனால் கிளினிக் நடத்துகிறவர் என்ன செய்வார்? மாநிலப் பணமும் மக்கள் நன்கொடையும் உறுதியான தரை என்று தோன்றுகிறது.

கார்முகில்

பாலைநிலா, எதற்குக் கோபம்? நீங்கள் சொல்கிற பயம் எங்களுக்கும் உண்டு. ஆனால் நன்கொடை உறுதியான தரை என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. 2022இல் டாப்ஸ் தீர்ப்பு வந்த வாரம் பணம் கொட்டியது. செய்தி பழசானதும் வற்றத் தொடங்கியது. அழைப்புகள் மட்டும் குறையவில்லை. மாதக் கடைசியில், இந்த வாரத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகை வைத்துவிடுவோம். செவ்வாய்க்கிழமையே அது தீர்ந்துபோன வாரங்கள் உண்டு. வியாழக்கிழமை அழைப்பவரிடம் திங்கட்கிழமை கூப்பிடுங்கள் என்று சொல்கிற ஆள் நான்தான்.

மாநிலப் பணம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் பாருங்கள். இல்லினாய் பெண் ஒருவர் தன் மெடிக்கெய்ட் அட்டையை கவுன்ட்டரில் நீட்டினால், அவ்வளவுதான், முடிந்தது. கிளினிக் மாநிலத்துக்கு பில் அனுப்பும். மத்தியப் பணத்தோடு கலக்காமல் மாநிலம் தனிக் கணக்கில் கொடுக்கும். அந்தப் பெண்ணுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியக்கூடத் தேவையில்லை. அதே வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்கிற டென்னசிப் பெண்ணின் அட்டையும் மெடிக்கெய்ட்தான். அது செல்லாது. ஒருத்தி இரண்டு நிமிடத்தில் உட்கார்ந்துவிடுகிறார், இன்னொருத்தி நான்கு நாள் ஐந்து இடத்துக்குப் போன் அடித்திருக்கிறார். இதை நான் வாரம்தோறும் பார்க்கிறேன்.

திருவிளக்கு தம்பியிடம் எனக்கு ஒரு கேள்வி. மருத்துவக் காரணம் என்று பார்த்தால், ஹைட்டில் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால்தான் விலக்கு. உடல்நலம் கெடும் என்பது விலக்கு இல்லை. 1977இல் கொஞ்ச காலம் கடுமையான, நீடித்த உடல் பாதிப்பு என்ற விலக்கு இருந்தது, 1979இல் எடுத்துவிட்டார்கள். சிறுநீரகம் பழுதாகலாம், ஆனால் செத்துவிட மாட்டார் என்றால் பணம் கிடையாது. இதையும் உங்கள் மனசாட்சி கேட்கிறதா?

குயவன்

இந்தக் கேள்விக்குப் பதில் வரும் வரை நான் வேறு எதுவும் எழுதப்போவதில்லை.

திருவிளக்கு

மூன்று நாள் பதில் எழுதவில்லை, மன்னியுங்கள். எழுதி எழுதி அழித்தேன்.

என் மனைவி நர்ஸ். கார்முகில் அக்காவின் கேள்வியை அவளிடம் காட்டினேன். உயிருக்கு ஆபத்து என்பது விளக்குச் சுவிட்சைப் போல ஒரு நொடியில் விழுவது இல்லை என்றாள். இன்றைக்கு உடல்நலக் கேடு, அடுத்த மாதம் உயிர் ஆபத்து. எந்த நாளில் பெயர் மாறுகிறது என்று பில் போடுகிறவர் எப்படிச் சொல்வார் என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஆகவே இந்த இடத்தில் என் நிலையை மாற்றிக்கொள்கிறேன். தாயின் உடலுக்குக் கடுமையான கேடு வரும் என்று மருத்துவர் சொன்னால் மெடிக்கெய்ட் கொடுக்க வேண்டும், என் வரியும் அதில் இருக்கட்டும். எங்கள் ஆயர்கள் (பிஷப்புகள்) இதை ஏற்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். 2010இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்தபோதும் ஆயர்கள் எதிர்த்தார்கள், கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்துத் தலைவி சிஸ்டர் கேரல் கீஹன் ஆதரித்தார். எங்கள் வீட்டுக்குள்ளும் வேறுபட இடம் இருக்கிறது.

மற்றபடி நான் இன்னும் ‘வேண்டாம்’ பக்கம்தான். அதில் மாற்றமில்லை, நடிக்கவும் விரும்பவில்லை. ஆனால் நெடுவழி அண்ணா சொன்ன, ஒரு கையால் தந்து மறு கையை மடக்குவது என்ற பேச்சு என்னை விடவில்லை. உயிரின் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லி ஹைட்டுக்கு வாக்களித்துவிட்டு, பிரசவத்துக்குப் பிறகு அந்தத் தாய்க்குத் தர வேண்டியதை வெட்டுகிறவர்களோடு சேர்ந்து நிற்கிறோம். 190 டாலரை மேசையில் எண்ணுகிற பெண்ணிடம், இந்தக் குழந்தையைப் பெற்றுக்கொள், வாடகையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எங்கள் தரப்பிலிருந்து ஒருவரும் போன் செய்யவில்லை. பால்புட்டிச் சில்லறை அவ்வளவு தூரம் வராது. அது என் மகளின் குற்றமில்லை, பெரியவர்களாகிய எங்களுடையது. இந்த ஞாயிறு பங்குத்தந்தையிடம் இதைப் பேசப்போகிறேன்.

அக்கா, ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த டென்னசிப் பெண் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாரா?

பழைய ஏடு

தம்பி, இந்தப் பதிவுக்காக உங்களுக்கு என் வணக்கம்.

கார்முகில்

தம்பி, உடல்நலம் பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் குழுவில் இருக்கிறவர்களிடம் படித்துக் காட்டினேன். நன்றி. மீதியில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, அதுவும் சரி.

அவர் ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது. யாரையும் திருப்பி அழைப்பதில்லை என்பது எங்கள் விதி. வீட்டில் வேறு யார் போனை எடுப்பார்கள் என்று சொல்ல முடியாதே. கிளினிக்கிலிருந்து பில் வந்தால், வந்து போயிருக்கிறார் என்று தெரிந்துகொள்வோம். மூன்று வாரம் கழித்து வந்தது. நாங்கள் உறுதி கொடுத்தது 200 டாலர். பில்லில் 160 என்று இருந்தது. கணக்குத் தவறோ என்று கேட்டதற்கு, கவுன்ட்டரில் அவரே 40 டாலர் கூடுதலாகக் கட்டினார் என்றார்கள். அந்த 40ஐ அடுத்த வியாழக்கிழமை அழைத்தவருக்குச் சேர்த்துக் கொடுத்தோம்.